பளபளக்கும் இயந்திரமா, பழகிய கைகளா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் வீடுகளில் ஒரே பரபரப்பு. தோட்டத்தில் இன்னும் வாழ்கிறவர்களானாலும் சரி, தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்களில் குடியேறிவிட்டவர்களானாலும் சரி, "அடுத்து என்ன படிப்பு?" என்ற கேள்விக்குத் தப்ப முடிவதில்லை. கல்லூரிகளின் வண்ண ஏடுகள் வந்து குவிகின்றன. கைத்தொலைபேசியைத் திறந்தால் அங்கேயும் அதே படங்கள். மருத்துவம் படிக்க வைக்க வசதியில்லாத குடும்பங்களும், தாதிமைத் தொழிலில் நாட்டமில்லாத பிள்ளைகளும் இப்போது அதிகமாக விசாரிக்கும் படிப்புகளில் ஒன்று பிசியோதெரபி. தமிழில் இதனை இயன்முறைச் சிகிச்சை என்பார்கள்.

இந்தப் படிப்பைப் பற்றிய ஏடு எதை விரித்தாலும் ஒரு படம் தவறாமல் இருக்கும். வெள்ளை வெளேரென்ற அறை; வரிசையாக நிற்கும் மின்சாரக் கருவிகள்; பக்கத்தில் சிரித்த முகத்துடன் சீருடை அணிந்த மாணவி. "எவ்வளவு பெரிய மெஷின்கள்! இங்கே படித்தால் பிள்ளை கெட்டிக்காரியாகிவிடுவாள்" என்று பெற்றோர் மயங்கிப்போவது இயற்கைதான். ஆனால் அந்தப் படத்தை நம்பிப் பல பத்தாயிரம் வெள்ளியைக் கடனாகவும், சேமநிதிப் பணமாகவும் கொட்டுவதற்கு முன்னால், பிசியோதெரபி மாணவர் ஒருவர் எதைக் கொண்டு, எப்படித் தொழில் பழகுகிறார் என்பதைத் தெரிந்துகொள்வது நம் கடமையல்லவா? அதை விளக்கவே இக்கட்டுரை.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

முதலில் நம்மைச் சுற்றிப் பார்ப்போம். உயர்ந்த செம்பனை மரத்தடியில் நின்று, நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து பார்த்தபடியே நாள் முழுதும் குலை வெட்டுகிறவருக்குக் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்கின்றன. வெட்டிய குலையைக் குனிந்து தூக்கித் தள்ளுவண்டியில் போடுகிறவருக்கு இடுப்புவலி. விடியுமுன் எழுந்து ஆண்டுக்கணக்கில் பால்மரம் வெட்டிய நம் தாய்மார்களுக்கு முழங்கால் மடங்க மறுக்கிறது. இரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதால் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். நீரிழிவால் காலை இழந்து, பொய்க்காலோடு நடக்கப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இத்தனை பேரையும் மறுபடி எழுந்து நடக்க, கையை உயர்த்த, வேலைக்குத் திரும்ப வைப்பதுதான் பிசியோதெரபியின் வேலை. மருந்து கொடுப்பதோ அறுவை செய்வதோ இதில் இல்லை. நோயாளியின் உடலைச் சோதித்து, எது ஏன் அசையவில்லை என்று கண்டறிந்து, பயிற்சியாலும் கைவேலையாலும் சில கருவிகளின் துணையாலும் அதை அசைய வைப்பது. வேலையிடத்தில் அடிபட்ட சந்தாதாரர்களுக்காக சொக்சோ நிறுவனம் மலாக்காவில் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்தை 2014-ஆம் ஆண்டில் திறந்தது. நம் தோட்டத் தொழிலாளர்களும் சொக்சோ சந்தா கட்டுகிறவர்கள்தாம். ஆகவே, இந்தத் தொழிலைப் படிக்கும் பிள்ளையின் கை நாளை நம்மில் ஒருவரின் தோளைத்தான் தொடப்போகிறது.

ஒரு காலத்தில் இந்தப் படிப்புக்கு இங்கே வழியில்லை. வெளிநாடு போய்ப் படித்து வந்தவர்களே மருத்துவமனைகளில் பணிபுரிந்தார்கள். 1970-களில் சுகாதார அமைச்சு கோலாலம்பூரில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. இன்று யு.கே.எம். போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகத்திலும், சுங்கை லோங்கில் உள்ள யூடார் பல்கலைக்கழகத்திலும், எம்.ஐ.இ.டி. நிறுவிய கெடா பீடோங் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பட்டப்படிப்பாகவே நடக்கிறது. பட்டயம் மூன்றாண்டு, பட்டம் பெரும்பாலும் நான்காண்டு. இவை தவிரத் தனியார் கல்லூரிகள் பல.

எலும்புக்கூடும் மைப் பேனாவும்

முதலாண்டு மாணவர்கள் நுழையும் அறை உடற்கூறு அறை. வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். அவை அத்தனையும் கோத்த ஓர் எலும்புக்கூடு மூலையில் நிற்கும். தனித்தனியாகக் கழற்றிப் பார்க்கக்கூடிய தோள், இடுப்பு, முழங்கால் மாதிரிகள் மேசைமேல் இருக்கும். தசைகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் உருவங்களும் உண்டு. மருத்துவப் பிரிவும் சேர்ந்துள்ள பல்கலைக்கழகங்களில் பதப்படுத்திய மனித உடலையே காட்டிக் கற்பிப்பதுண்டு.

ஆனால் மாதிரியைப் பார்ப்பதோடு பாடம் முடிவதில்லை. மாணவர்கள் ஒருவர் முதுகில் மற்றவர் மைப் பேனாவால் எலும்பின் விளிம்பைக் கோடு போட்டுக் காட்டுவார்கள். தோள்பட்டை எலும்பு எங்கே முடிகிறது, முதுகெலும்பின் எந்தக் கணு எந்த உயரத்தில் இருக்கிறது, நரம்பு எந்த இடத்தில் ஓடுகிறது என்பதைத் தோலுக்கு மேலேயே விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் சிவப்பு வண்ணத்தில் அழகாக இருக்கும் தசை, மனித உடலில் தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே ஒளிந்து கிடக்கும். ஒல்லியானவரிடம் ஒரு மாதிரி, பருமனானவரிடம் வேறு மாதிரி. பல உடல்களைத் தொட்டுத் தொட்டுத்தான் விரலுக்குக் கண் வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கேதான் முழு உண்மை.

பால் வெட்டிப் பழகியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கத்தி புதியதாக இருந்தால் மட்டும் போதுமா? பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்துவிடும். அந்த அளவு கத்தியில் இல்லை, கையில் இருக்கிறது. அதைக் கற்க எத்தனை மரம் வெட்ட வேண்டியிருந்தது!

கட்டில் எத்தனை?

பிசியோதெரபிக் கல்லூரியின் இதயம் எது என்று கேட்டால், செய்முறை அறைதான் என்பேன். அந்த அறையின் முக்கியமான பொருள் சிகிச்சைக் கட்டில். 'பிளிந்த்' என்பார்கள். மெத்தை வைத்துத் தைத்த, நீளமான, குறுகலான கட்டில். இப்போது வருபவற்றைக் காலால் மிதித்து உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். அது ஆடம்பரத்திற்காக அன்று. கட்டில் தாழ்வாக இருந்தால் சிகிச்சை செய்கிறவர் நாள் முழுதும் குனிந்து, தம் இடுப்பையே கெடுத்துக்கொள்வார். நோயாளியின் வலியை எடுக்க வந்தவர் தாமே நோயாளியாகிவிடக் கூடாதல்லவா? கட்டிலை எந்த உயரத்தில் வைப்பது, எப்படிக் காலை அகட்டி நின்று உடல் பாரத்தைப் பயன்படுத்துவது என்பதே ஒரு பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன், என் பழைய மாணவி ஒருத்தியின் தகப்பனாரோடு ஒரு தனியார் கல்லூரியைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர் இங்கே வேண்டாம். அவர் செம்பனையில் குலை வெட்டுகிறவர். கல்லூரி அதிகாரி எங்களை நேராக மின்கருவி அறைக்குத்தான் அழைத்துப் போனார். கருவிகள் புத்தம் புதியவை. சிலவற்றின்மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அடுத்த அறையில் நான்கு கட்டில்கள். வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டோம். நாற்பது என்றார்.

தகப்பனார் என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்: "டீச்சர், நாப்பது பேருக்கு நாலு கட்டிலுன்னா, ஒரு பிள்ளைக்கு எப்ப கை படும்?"

"நீங்களே அவரிடம் கேளுங்கண்ணே" என்றேன். அவரும் கேட்டார். "முறை வைத்துப் பழகுவார்கள்" என்று பதில் வந்தது.

வீடு திரும்பும்போது பேருந்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். செய்முறை வகுப்பு இரண்டு மணி நேரம், அதாவது 120 நிமிடம். ஒரு கட்டிலுக்குப் பத்துப் பேர். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். ஆசிரியர் விளக்கும் நேரத்தைக் கழித்தால் அதுவும் மிஞ்சாது. மறுவாரம் வேறொரு கல்லூரிக்குப் போனோம். கட்டிடம் பழையது. கட்டில்களின் தோலுறை சில இடங்களில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. ஆனால் 36 மாணவர்களுக்கு 12 கட்டில்கள். ஒரு கட்டிலுக்கு மூன்று பேர்: ஒருவர் சிகிச்சை செய்ய, ஒருவர் நோயாளியாகப் படுக்க, ஒருவர் பார்த்துத் திருத்த. ஆளுக்கு நாற்பது நிமிடம். மகளை அங்கேதான் சேர்த்தார்.

கட்டிலுக்கு அடுத்து அந்த அறையில் பார்க்க வேண்டியவை: ஆளுயரக் கண்ணாடி, நடைபழகும் இணைக்கம்பிகள், ஏறி இறங்கும் மரப்படிகள், ஊன்றுகோல்கள், நடைச்சட்டம், சக்கர நாற்காலி, தாழ்வான அகன்ற பாய்மேடை. பக்கவாத நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை மாணவர்கள் இங்கேதான் ஒருவரையொருவர் வைத்துப் பழகுகிறார்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கி, தீராத வலி வந்துவிடும். வீட்டில் அன்போடு செய்கிற நமக்கே தெரியாத இந்த விஷயம், படித்த பிள்ளையின் கைக்குத் தானாக வர வேண்டும்.

விலை குறைந்த கருவிகள், மதிப்பு மிகுந்தவை

பிசியோதெரபி மாணவரின் பையைத் திறந்தால் பெரிய பொருள் எதுவும் இராது. நாடாவளவு, நிறுத்தற்கடிகாரம், நரம்பின் துடிப்பைச் சோதிக்கும் சிறு சுத்தியல், ஸ்டெதஸ்கோப், அவற்றோடு கோனியோமீட்டர் என்ற மூட்டுக் கோண அளவி. இது நம் பள்ளிப் பிள்ளைகளின் கோணமானியோடு இரண்டு கைகள் இணைத்தது போலிருக்கும். முழங்கால் நன்றாக மடங்கினால் 135 டிகிரிக்கு மேல் போகும். படியேறுவதற்கே ஏறத்தாழ 90 டிகிரி வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார இன்னும் அதிகம். "முன்னைவிடப் பரவாயில்லை" என்று வாயால் சொல்வது வேறு. "போன வாரம் 70, இந்த வாரம் 85" என்று எழுதி வைப்பது வேறு. பின்னதே மருத்துவம்.

தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு அளப்பார்கள். சற்றும் அசையாவிட்டால் 0. பூமியின் ஈர்ப்பை எதிர்த்துத் தானே தூக்கினால் 3. முழுத் தடையையும் எதிர்த்து நின்றால் 5. இதற்குத் தேவையான கருவி மாணவரின் கை மட்டுமே.

நெஞ்சு நோயாளியின் தெம்பை அளக்க ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு. அதற்குத் தேவை 30 மீட்டர் நீளமுள்ள நடைகூடமும் ஒரு கடிகாரமும். வயதானவர் கீழே விழும் ஆபத்து உள்ளவரா என்று அறிய, ஒரு நாற்காலியும் மூன்று மீட்டர் தரையும் போதும். எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று பார்ப்பார்கள். இவற்றையெல்லாம் எந்தக் கல்லூரியும் வண்ணப் படமாகப் போடுவதில்லை. ஆனால் தோட்டத்து மருந்தகத்திலும், கம்பத்து கிளினிக்கிலும், நோயாளியின் வீட்டிலும் கைகொடுக்கப்போவது இவைதாம்.

மின்கருவிகளின் இடம்

அப்படியென்றால் மின்கருவிகள் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். மாணவர்கள் அவற்றைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்தே ஆக வேண்டும். வலியைக் குறைக்க மெல்லிய மின்துடிப்பு அனுப்பும் 'டென்ஸ்', ஒலி அலை பாய்ச்சும் 'அல்ட்ராசவுண்ட்', இடைப்பட்ட அதிர்வு மின்சாரம், ஆழ்ந்த சூடு தரும் குறுஅலைக் கருவி, அகச்சிவப்பு விளக்கு, கை விரல் மூட்டுகளுக்கான உருகிய மெழுகுத் தொட்டி, கழுத்தையும் இடுப்பையும் இழுக்கும் கருவி ஆகியவை வழக்கமானவை.

ஒவ்வொன்றிலும் ஆபத்தும் உண்டு. அல்ட்ராசவுண்டில் 1 மெகாஹெர்ட்ஸ் அலை ஆழமாகப் போகும். 3 மெகாஹெர்ட்ஸ் அலை மேலோடு நின்றுவிடும். கருவியின் தலையை ஒரே இடத்தில் அசையாமல் வைத்தால் உள்ளே சுட்டுவிடும். கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க, தலையை மேல்நோக்கிப் பிடித்து அதன்மேல் சில துளி நீர் விட்டு, நீர் சலசலப்பதைக் காட்டுவார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவரைக் குறுஅலைக் கருவிக்கு அருகே விடவே கூடாது. நீரிழிவு நோயாளிகள் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு வைக்குமுன், ஒரு குழாயில் வெந்நீரும் மறு குழாயில் குளிர்நீரும் வைத்துத் தோலில் தொட்டு, எது சூடு எது குளிர் என்று அவருக்குத் தெரிகிறதா எனச் சோதிக்க வேண்டும். இந்த ஒரு சிறு சோதனையை மறந்தால், வலிக்கு வந்தவர் தீப்புண்ணோடு திரும்புவார். நம்மவரில் நீரிழிவு எவ்வளவு என்பது நமக்கே தெரியும்.

இன்னொரு செய்தியையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கருவிகளின் மதிப்பு முன்பிருந்த அளவுக்கு இப்போது இல்லை. பிரிட்டனின் 'நைஸ்' என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு, இடுப்புவலிக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இடைப்பட்ட அதிர்வு மின்சாரம், இழுவை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று 2016-இல் அறிவுறுத்தியது. உடற்பயிற்சியையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. மின்கருவி அறையை மட்டும் காட்டி மாணவர் சேர்க்கும் கல்லூரி, தேய்ந்துகொண்டு வரும் சரக்கை முன்கடையில் வைத்து விற்கிறது என்றே சொல்ல வேண்டும்.

அதற்குப் பதிலாக உடற்பயிற்சிக் கூடத்தைக் கேட்டுப் பாருங்கள். சுவர்ச்சட்டங்கள், கப்பிக்கயிறுகள், எடைகள், இழுவை ரப்பர்ப் பட்டைகள், பெரிய பந்துகள், சமநிலைப் பலகை, ஓடுபொறி, மிதிவண்டி எல்லாம் அங்கே இருக்கும். ரப்பர்ப் பட்டை! நாம் வெட்டிய பாலே நோயாளியின் கையில் பயிற்சிக் கருவியாகத் திரும்பி வருகிறது. வெந்நீர்க் குளம் உள்ள கல்லூரிகளும் உண்டு. ஏறத்தாழ 33 முதல் 36 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருக்கும் நீரில் உடலின் பாரம் குறைவதால், நிற்க முடியாதவரும் நிற்பார். அதைப் பராமரிக்கும் செலவு பெரிது. ஆகவே குளம் இல்லையென்பதற்காக ஒரு கல்லூரியை ஒதுக்க வேண்டியதில்லை. குளம் உள்ள மருத்துவமனைக்கு மாணவர்களை அனுப்புகிறார்களா என்று கேட்டால் போதும்.

மருத்துவமனையே பெரிய பள்ளிக்கூடம்

கல்லூரியில் நோயாளியாகப் படுப்பவர் ஆரோக்கியமான சக மாணவர். அவருக்கு வலியில்லை, பயமில்லை. உண்மையான நோயாளி அப்படியா? வலியில் கத்துவார், "என்னைத் தொடாதே" என்பார், மொழி புரியாமல் விழிப்பார், சில சமயம் அழுவார். இதையெல்லாம் மருத்துவமனைக் கூடங்களில்தான் பழக முடியும். எலும்பு முறிவுப் பிரிவு, பக்கவாதப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, நெஞ்சு நோய்ப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று மாணவர்கள் மாறி மாறிப் பணிபுரிய வேண்டும். பிரிட்டனில் 1000 மணி நேர மருத்துவமனைப் பயிற்சியையே நெடுங்காலமாக அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். சுவாசக் கருவியில் கிடப்பவரின் நெஞ்சுச் சளியை வெளியேற்ற உதவுவதும், படுத்தபடியே கைகால்களை அசைத்து விடுவதும், எழ முடிந்த அன்றே எழுப்பி உட்கார வைப்பதும் அவர்கள்தாம். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது உலகெங்கும் இந்த வேலையின் அருமை தெரிந்தது.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சாதகமும் இருக்கிறது. தமிழும் மலாயும் சரளமாகப் பேசும் மாணவி ஒருத்தி, "பாட்டி, மெதுவா காலை நீட்டுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லும்போது, அந்தப் பாட்டியின் பாதிப் பயம் போய்விடுகிறது. எந்தக் கல்லூரியும் விலைக்கு வாங்கி வைக்க முடியாத கருவி இது.

பெண்பிள்ளையை அனுப்பலாமா?

பெற்றோர் பலர் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு சங்கடம் உண்டு. "ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற இடத்தில் ஒருவரையொருவர் தொட்டுப் பழக வேண்டுமாமே? ஆண் நோயாளிகளையும் தொட வேண்டுமாமே?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் உடல் பிடித்துவிடும் தொழிலின் பெயர் மிகவும் கெட்டிருந்தது. அதன் பெயரால் தகாத இடங்கள் நடந்ததே காரணம். அப்போது நான்கு தாதியர் ஒன்றுகூடி, முறையாகக் கற்றவர்கள் மட்டுமே இதைச் செய்ய வேண்டும், ஒழுங்கு விதிகள் வேண்டும் என்று 1894-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1920-இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. பிரிட்டனின் இன்றைய பிசியோதெரபிச் சங்கம் அதன் வழி வந்ததே. ஆக, பெண்களின் மானத்தையும் தொழிலின் மானத்தையும் காப்பதற்காகவே பெண்கள் வகுத்த கட்டுப்பாட்டில் வளர்ந்த தொழில் இது.

நல்ல கல்லூரியில், தொடுமுன் அனுமதி கேட்பது முதல் பாடங்களுள் ஒன்று. தேவையான பாகத்தை மட்டும் திறந்து, மற்றதைத் துணியால் மூடுவது அடுத்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை இருக்க வேண்டும். பெண்கள் பெண்களோடு இணையாகப் பழக வழி இருக்க வேண்டும். செய்முறை அறையைப் பார்க்கும்போது திரைகள் இருக்கின்றனவா, உடை மாற்றத் தனி அறை இருக்கிறதா என்று தாய்மார்கள் தயங்காமல் பாருங்கள்.

சட்டம் சொல்வது

2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது 774-ஆவது சட்டம், 2020 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிசியோதெரபி உட்பட 23 தொழில்கள் அதில் அடங்கும். இச்சட்டத்தின்படி அமைந்த மன்றத்தில் பதிவு செய்து, தொழில் நடத்தும் சான்றிதழ் பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம். அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்த பிள்ளை, எவ்வளவு கெட்டிக்காரியானாலும், பதிவுக்கு வழியின்றி நிற்க நேரும். படிப்பு பாதியில் நின்றாலும், வேலை கிடைக்காமல் போனாலும், பி.டி.பி.டி.என். கடன் மட்டும் நிற்காது.

ஆகவே எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பிசியோதெரபிப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்பதையும் கவனியுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ கேளுங்கள். பத்து நிமிட வேலை இது.

நேரில் போனால் கேட்க வேண்டியவை

கல்லூரி அதிகாரி காட்டுவதைப் பார்ப்பது ஒரு பாதி. நாம் கேட்டுப் பார்ப்பது மறு பாதி. இந்த ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

முதலாவது: செய்முறை வகுப்பில் ஒரு கட்டிலுக்கு எத்தனை மாணவர்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்?

இரண்டாவது: வகுப்பில்லாத நேரத்தில் மாணவர்கள் செய்முறை அறையைத் திறந்து பழக அனுமதி உண்டா? பூட்டிக் கிடக்கும் அறை இருந்தும் பயனில்லை.

மூன்றாவது: எந்தெந்த மருத்துவமனைகளில் பயிற்சி? எத்தனை மணி நேரம்? அங்கே மேற்பார்வை செய்கிறவர் யார்? போக்குவரத்துச் செலவும் தங்கும் செலவும் யாருடையது? கடைசிக் கேள்வி மிக முக்கியம். கட்டணத்தைச் சமாளித்துவிட்டு, வேறு மாநிலத்தில் பயிற்சிக்குப் போகும் மாதங்களில் திணறும் குடும்பங்கள் உண்டு.

நான்காவது: மின்கருவிகளைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? சோதித்த தேதி கருவியின்மேல் ஒட்டியிருக்க வேண்டும். அத்துடன், அவை மாணவர்கள் தொட்டுப் பழகும் கருவிகளா, காட்சிக்கு வைத்தவையா என்பதும் பார்த்தாலே தெரியும்.

ஐந்தாவது: முந்தைய ஆண்டுகளில் படித்து வெளியேறியவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? அவர்கள் மன்றத்தில் பதிவு பெற்றிருக்கிறார்களா? முடிந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். அதிகாரி சொல்லாததை அந்தப் பிள்ளை சொல்லும்.

"நாம் படிக்காதவர்கள், நாம் கேட்டால் சிரிப்பார்களோ?" என்று கூச்சப்பட வேண்டாம். கருவி இருப்பதும் அது வேலைக்கு உதவுவதும் வேறு வேறு என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? நாற்பது பேருக்கு நாலு கட்டில் என்றதும், புத்தகம் எதையும் புரட்டாமலே குறையைக் கண்டுபிடித்தவர் குலை வெட்டும் தொழிலாளிதான்.

ஆகவே, கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் சட்டைப் பையில் ஒரு பென்சில் இருக்கட்டும். செய்முறை அறைக்குள் நுழைந்ததும் கட்டில்களை எண்ணுங்கள். மாணவர் தொகையை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். நம் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கே தெரிந்த கணக்குதான் இது. விடை மூன்றா, பத்தா என்று பார்த்த பிறகு கட்டணப் பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.